சில்லில் குடல்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்காதவரை நான் நல்ல மனுஷி. கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் பதிலுக்காகக் கேட்பதில்லை, அடுத்த கேள்விக்கு வழி பண்ணுவதற்காகக் கேட்கிறார்கள். அடுத்தது, "அது அரசாங்க வேலையா?" இல்லை என்றால் அதற்கடுத்தது, "அப்ப கல்யாணம்?" நடுவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் வீண்.

நீங்களும் கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். பேராதனைப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே நான் குடல் வளர்க்கிறேன். முழுக் குடல் இல்லை. தீப்பெட்டியைவிடச் சின்னதாக, கண்ணாடி போலத் தெளிவான ஒரு ரப்பர்த் துண்டு, சிப் என்போம். அதற்குள் ஈர்க்குக் கனத்தில் இரண்டு கால்வாய்கள், ஒன்றின் மேல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தாள். தாளில் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள். அந்தத் தாளின்மேல் மனிதக் குடலின் உயிரணுக்களை விட்டால், அவை பெருகித் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்று ஒரு சுவர் கட்டிவிடும். நம் ஒவ்வொருத்தர் வயிற்றிலும் இருப்பது இதே சுவர்தான். சாப்பிட்டதில் நல்லதை உள்ளே விடும். கிருமியையும் நஞ்சையும் வாசலோடு நிறுத்திவிடும். ஒரு சின்னப் பம்பு நாள் முழுக்க அந்தக் கால்வாய்களில் சத்து நீரை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும்.

சுவர் உறுதியா, ஓட்டையா என்று எப்படித் தெரியும்? மேல் கால்வாயில் சிவப்புச் சாயம் விடுவோம். கீழ்க் கால்வாயில் சிவப்பு இறங்காவிட்டால் உறுதி. இறங்கினால் தொலைந்தது. ஒரு மருந்தோ, கெட்டுப்போன சாப்பாடோ இந்தச் சுவரை என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு மனிதரையும் வயிறு பிடித்துக்கொண்டு துடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் விஷயம். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு விளங்கவில்லை.

பிலிமத்தலாவையில் மெயின் ரோட்டோரமாக அப்பாவுக்கு ஒரு டயர்க் கடை. பஞ்சர் ஒட்டுவது, காற்று அடிப்பது, பழைய டயருக்குப் புது டயர் மாற்றுவது. முன்னால் கடை, பின்னால் வீடு. அம்மா கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து டயருக்குக் காற்று அடிக்கப் பழகியவள். இரண்டு வேலையிலும் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவளிடம் சொன்னேன், "குடலை வச்சி ஆராய்ச்சி பண்றோம்மா."

"ஆட்டுக்குடலா, மாட்டுக்குடலா?"

"மனுசக் குடல்மா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றிலிருந்து நான் வேலை விட்டு வந்தால் தலைக்குத் தண்ணி ஊற்றாமல் குசினிக்குள் அடுப்புப் பக்கம் விடமாட்டாள். மார்கழிக் குளிரானாலும் அதுதான் சட்டம். அறுப்பது கிறுப்பது எதுவும் இல்லை, ஒரு சின்னச் சிப்புக்குள் வளர்ப்பதுதான் என்று பிறகு எத்தனையோ தடவை விளக்கினேன். அதில் சிப் என்ற சொல் மட்டும் அவள் காதில் ஏறியது. பக்கத்து மளிகைக் கடை அக்காவிடம், "அவ கேம்பஸ் பக்கம் சிப்ஸ் போடுறா" என்று சொல்லிவிட்டாள். அந்த அக்கா மறுநாளே என்னை மறித்து, மரவள்ளியில் காரம் போட்டது இருக்கா என்று கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அக்காவின் தராசைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. எப்போதோ எழுதி நானே மறந்துபோன பரீட்சைக்கு இப்போது ஆசிரியர் நியமனம். கலஹாப் பக்கத்துப் பள்ளிக்கூடம், விஞ்ஞானப் பாடம். வருகிற திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்க வேண்டும். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டாள்.

டீச்சர் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் படிப்பித்த டீச்சர்மாரைக் கண்டால் இன்றைக்கும் பஸ்ஸில் எழுந்து நிற்பேன். ஆனால் எனக்கு அந்தச் சுவர் பிடித்திருந்தது. முதல்தடவை சாயம் இறங்காமல் நின்றபோது, யாருமில்லாத அறையில் நின்று நானே கை தட்டினேன். அவ்வளவு சந்தோஷம். விட்டால் அடுத்ததைப் பிடித்துக்கொள்ள அந்த வேலை பஸ் இல்லை. ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான எங்கள் மேடம் நல்லவர்தான், ஆனால் என் இடத்துக்கு ஒரு மாதத்துக்குள் இன்னொரு ஆள் வந்துவிடும்.

"சைன் வைக்க மாட்டேன்" என்றேன்.

அம்மா இடுப்பில் கை வைத்தாள். "ரெண்டு வருசமா குடலு குடலுங்குற. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. அரசாங்கம் கூப்பிட்டு வேல குடுக்குது. மாசம் பொறந்தா சம்பளம், வயசு போனா பென்சன். இத விட்டுட்டு எதுக்குடி அங்க போய் ஒக்காந்திருக்க? வெளங்குற மாதிரி சொல்லு பாப்போம். வெளங்கிருச்சின்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. வெளங்கலன்னா திங்கக்கிழம போய் சைன் வைக்கிற."

நல்ல வேளையாக அந்தச் சனிக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பொதுமக்கள் வந்து பார்க்கத் திறந்துவிடும் நாள். வந்து உன் கண்ணாலேயே பார் என்றேன். சனிக்கிழமை கடையைப் பூட்ட முடியாது, அப்பா வரட்டும், தான் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒப்பந்தம் இப்படி முடிந்தது: அப்பா வந்து பார்த்து, அப்பாவுக்கு விளங்கி, அதை அப்பா அம்மாவிடம் சொல்லி, அம்மாவுக்கும் விளங்க வேண்டும். என் தலையெழுத்தை அப்பாவின் வாயில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். அப்பா பேசுவது காற்று அடிப்பது மாதிரி, போதும் என்று பட்டால் பாதி வசனத்தில் நிறுத்திவிடுவார்.

இதற்கிடையில் மேடம் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மேடம் கண்டி டவுனில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, அதனாலேயே எல்லோருக்கும் பயம். "மூணு பாஷையிலயும் போர்ட் வெக்கோணும் புள்ள. தமிழ் ஒன்ட பொறுப்பு" என்றார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆங்கிலத் தலைப்பை அப்படியே எழுதினால் சிப்பில் குடல் என்று வரும். சிப் என்று எழுதினால் மரவள்ளி கேட்டு வருவார்கள், பட்ட அனுபவம் போதும். நல்ல தமிழில் எழுதுவோம், யாரும் வாய் திறக்க முடியாதபடி எழுதுவோம் என்று வீம்பு வந்தது. தமிழ்நாட்டுக் கலைச்சொல் பட்டியல் ஒன்றை இணையத்தில் தேடி எடுத்தேன். அதில் சிப்புக்குச் சில்லு என்று போட்டிருந்தது. எவ்வளவு அழகான சொல்! பெரிய எழுத்தில் அடிக்கக் கொடுத்தேன்: சில்லில் குடல். அதற்குக் கீழே: உடலின் காவற்சுவரை நேரில் காணுங்கள். அழைப்பிதழிலும் அதுவே.

இலங்கைக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் வண்டிச் சக்கரம். சைக்கிள் சில்லு, லொறிச் சில்லு. எங்கள் மலையகத்து வீட்டில் அப்படிச் சொல்வதில்லை, நாங்கள் வீல் என்போம், டயர் என்போம். அந்தச் சொல் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வரும் யாழ்ப்பாணத்து லொறிக்காரர்களோடு அப்பாவின் கடைக்கு வரும், அவர்களோடேயே போய்விடும். டயருக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை. என்னோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பையன் இருந்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பான். அவன் அக்காவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். மேடம் போர்டைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், எழுத்து நல்ல வடிவா இரிக்கி" என்றார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அழைப்பிதழை வியாழக்கிழமை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னா சைசு?" என்றார்.

அட, அப்பாவுக்கும் ஆர்வம் வந்துவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. "சிறுசுதான்பா. ஒன்றரை இஞ்சி இருக்கும்."

"ஒன்றரை இஞ்சியா? அது பத்தாதே."

"பெருசாக்கிக் காட்ட கெமரா இருக்குப்பா."

அப்பா என்னைப் பாவமாகப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நாம் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காட்சிக்கு மூன்று சிப் தயார் பண்ணியிருந்தேன். புதன்கிழமை ஒன்றில் சாயம் இறங்கியது. வெள்ளிக்கிழமை இன்னொன்றில் இறங்கியது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் இறங்கினால் அப்பா வந்து எதைப் பார்ப்பார்? ஓட்டைச் சுவரைக் காட்டி இதுதான் காவற்சுவர் என்று சொன்னால், நானே கலஹா பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை யாழ்ப்பாணத்துப் பையன் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, கல்யாணவீட்டுப் பயற்றம் பணியாரப் பையோடு வந்து சேர்ந்தான். போர்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னப்பா இது? ஆரும் லொறிக்குக் கீழ விழுந்திட்டினமோ?"

"என்ன லொறி?"

"சில்லில குடல் எண்டு எழுதிக் கிடக்கு! சில்லில குடல் சுத்தினால் ஆள் தப்புமே?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அவன் சிரித்த சிரிப்பில் பணியாரம் இரண்டு தரையில் உருண்டது. மேலே தாள் ஒட்டி மறைக்கலாம் என்று கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவர், யாழ்ப்பாணத்து லொறிகளில் சரக்கு எடுத்துக் கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். போர்டை வாசித்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "எங்க நடந்திச்சு மக? நம்ம கணவாய் வளைவுலயா?"

"எதுவும் நடக்கல ஐயா. இது குடலோட சுவர பத்தினது."

"சுவருலயும் மோதிருச்சா?" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். ஆனால் தான் மட்டும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். கூட்டம் கூடக் கூட, அடுத்த மேசைகளில் நின்றவர்களெல்லாம் எங்கள் பக்கம் வந்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்கு எங்கள் போர்டுக்குச் சேர்ந்த சனம் வேறு எதற்கும் சேரவில்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு சலசலப்பு. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு வேன் சில்லு உருண்டு வந்தது. ரிம்மோடு. சோப்புப் போட்டுக் கழுவி, கறுப்புப் பொலிஷ் அடித்து, மேலே ஒரு சந்தனப் பொட்டும் வைத்து.

"இந்தா" என்றார் அப்பா. "ஒன்றரை இஞ்சில என்னாத்த காட்டுவ? ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தேன். சாயந்தரம் திருப்பித் தந்தா போதும்."

பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அது பிளக்கவில்லை. மேசைதான் ஆடியது, ஏனென்றால் அப்பா அந்தச் சில்லை என் மேசையில் சாய்த்துவிட்டார்.

சிப்புக்குப் போகிற குழாயைப் பார்த்தேன். ஆட்டத்தில் இணைப்பு தளர்ந்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழி ஏறியிருந்தது. கடுகளவுதான். ஆனால் எங்கள் வேலையில் குமிழியைப் போல எமன் கிடையாது. அது ஒருதரம் கால்வாய்க்குள் போய் உயிரணுக்களின்மேல் உருண்டால் சுவரை உரித்துக்கொண்டு போய்விடும். குமிழி சிப்பை நோக்கி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. என் இரண்டு வருஷமும் அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

நான் பாய்ந்து குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தேன்.

"அப்பா! கைய எடுங்க! ஆடாதீங்க! மூச்சுகூட விடாதீங்க!"

ஊர் பார்க்க, பெற்ற தகப்பனிடம் அப்படிக் கத்தினேன். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்துப் பையன் பம்பை நிறுத்தி, குழாயைக் கழற்றி, குமிழியை வெளியே விட்டுத் திரும்ப மாட்டினான். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். முடிந்தது என்று அவன் சொன்னதும் அப்பா 'புஸ்' என்று பெரிய மூச்சு விட்டார். நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் மனுஷன்.

சாயத்தை விட்டேன். மேல் கால்வாய் சிவந்தது. திரையில் கீழ்க் கால்வாய் தண்ணீராகவே தெரிந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். இறங்கவில்லை.

"எறங்கக் கூடாதா?" என்று அப்பா கேட்டார்.

"எறங்கக் கூடாதுப்பா. எறங்குனா சுவருல ஓட்ட."

"அப்ப பஞ்சர் பாக்குற."

"ஆமாப்பா. பஞ்சர்தான் பாக்குறேன்." இரண்டு வருஷமாக எனக்கு இந்த வசனம் வாயில் வரவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்பா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷத்தை அவர் நம்பவில்லை. சின்னப் பஞ்சர் என்றால் நேரமெடுத்துத்தான் காட்டும், பொறு என்றார். வந்தவர்கள் வெள்ளைச் சட்டையையும் உட்கார்ந்திருந்த தோரணையையும் பார்த்து அவரைத்தான் பேராசிரியர் என்று நினைத்தார்கள். "சேர், இது என்ன?" என்று கேட்டார்கள். வீட்டில் பாதி வசனத்தில் நிறுத்துகிற மனுஷர், தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி விளாசினார். "இது மனுசனோட கொடலு. மேல செவப்பு, கீழ வெள்ள. கீழ செவப்பு வந்தா பஞ்சர். இப்ப பஞ்சர் இல்ல. கிட்ட வராதீங்க, காத்து பூந்துரும்."

சில்லுக்கு என்ன விளக்கம் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் வரிசையாக நின்று சில்லோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு டீச்சர் தன் வகுப்பைச் சுற்றி நிறுத்திச் சில்லைக் கொப்பியில் வரையச் சொன்னார், சந்தனப் பொட்டோடு. மேடம் வந்து பார்த்தார். சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பையன் அவர் காதுக்குள் ஏதோ சொன்னான். சத்தமே போடாத மேடம் வாயைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குள் ஓடினார். உள்ளேயிருந்து கேட்ட சிரிப்புச் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மத்தியானம் கூட்டம் குறைந்தது. அப்பா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"இது யாரோட கொடலு?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சொன்னேன். எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரியவருக்குக் குடலில் புற்றுநோய். அவரிடமிருந்து எப்போதோ எடுத்த உயிரணுக்கள். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியிருக்கும். அணுக்கள் மட்டும் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கின்றன. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. இங்கேயும்.

"பேரு?"

"தெரியாதுப்பா. ஒரு குறியீடுதான் இருக்கு."

"புள்ளகுட்டிக்குத் தெரியுமா, இவரு இங்க இருக்காருன்னு?"

"தெரியாதுன்னுதான் நெனக்கிறேன்."

அப்பா திரையிலிருந்து குழாய்வழியே கண்ணை ஓட்டிக்கொண்டு போனார். குழாய் தொடங்குகிற இடத்திலிருந்த போத்தலைக் காட்டி அது என்ன என்றார். சத்து நீர், இவற்றுக்குச் சாப்பாடு, தீருமுன் புதிது மாற்ற வேண்டும் என்றேன். யார் மாற்றுவது என்றார். நான்தான் என்றேன். பையனைப் பார்த்தார்.

"நான் சுவாசப்பை வளர்க்கிறன், ஐயா" என்றான் அவன். "குடல் முழுக்க இவவின்ர பொறுப்பு. நான் கை வைக்கிறேல்ல."

அப்பா போனை எடுத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அந்தப் பக்கம் காற்றடிக்கிற மெஷின் இரைந்தது.

"என்னா, பாத்தீங்களா?" என்றாள் அம்மா. "வெளங்கிச்சா?"

பஞ்சர் என்று சொல்லுங்கள் அப்பா, அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள், அம்மாவுக்கு விளங்கிவிடும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"வெளங்கிச்சு" என்றார் அப்பா. "இவ இங்க ஒருத்தருக்குச் சாப்பாடு குடுக்குறா."

அவ்வளவுதான். நிறுத்திவிட்டார்.

மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. அம்மா அணைத்துவிட்டாள்.

"ஒருத்தருக்கா? யாருக்கு?"

"பேரு தெரியாது."

"பேரு தெரியாதவனுக்கா! எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

"அடியே! இதுக்குத்தான் டீச்சர் வேல வேணாமா? எந்த ஊரு ஆளு?"

"வெளிநாடு."

"முருகா!"

நான் போனைப் பிடுங்கப் பார்த்தேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கிக்கொண்டிருந்தான்.

"கத்தாத" என்றார் அப்பா. "அந்த மனுசன் செத்துட்டாரு. கொடலு மட்டும் இங்க உசுரோட இருக்கு. நான் பாத்தேன். நல்லா வேல செய்யுது. இவதான் சாப்பாடு போட்டுப் பாத்துக்குறா."

அந்தப் பக்கம் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் கேட்டது. எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை இலை போட்டுச் செத்தவர்களுக்குப் படைக்காமல் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். காய்ச்சலோடு கிடந்த நாளிலும் எழும்பி இலை போட்டிருக்கிறாள்.

"செத்தவருக்கா குடுக்குறா?" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆமா."

"புள்ளைங்க இல்லியா?"

"அவங்களுக்குத் தெரியாதாம்."

"என்னா சாப்பாடு?"

அப்பா என்னைப் பார்த்தார். சீனி, உப்பு, சத்து மருந்து என்றேன். அதில் கன்றுக்குட்டி இரத்தத்திலிருந்து எடுத்த நீரும் கலந்திருப்பதை விழுங்கிவிட்டேன். மாடு என்று ஒரு சொல் வந்தால் என் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

"அடுத்தது எப்ப குடுக்கணும்?" என்றாள் அம்மா.

"திங்கக்கிழம காலையில" என்றேன் நான்.

"நீ ஸ்கூலுக்குப் போயிட்டா?"

"வேற ஆளு வர்ற வரைக்கும் சாப்பாடு குடுக்க யாரும் இல்லம்மா. இது தாங்காது."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு என்னைத் திட்டத் தொடங்கினாள். இதை இரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை, குடல் சுவர் சிப்பு என்று ஏன் உளறிக்கொண்டிருந்தாய், ஒருத்தருக்குச் சாப்பாடு குடுக்கிறேன் என்று சொன்னால் எனக்கு விளங்காதா, நான் என்ன மாடா என்று கேட்டாள். திட்டத் திட்ட எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

"போ. அங்கயே போ" என்றாள் கடைசியாக. "என்னா பேரு சொல்லிச் சாப்பாடு குடுப்ப?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டோம்மா. சும்மா போத்தல மாத்துவோம்."

"கூப்பிடாம வச்சா எந்த மனுசன்டி சாப்பிடுவான்? தாத்தான்னு கூப்பிட்டுக் குடு."

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கையுறை போட்டேன். பழைய போத்தலைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மேடம் இன்னும் வரவில்லை. பையனும் வரவில்லை. எதற்கும் கதவைத் திறந்து நடையில் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் சிப்புப் பக்கம் குனிந்து கூப்பிட்டேன்.